டேவிட் முதல் பரிசு வாங்க வேண்டாம்

(இணையவழி இலக்கியக் கூட்டத்தில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லண்டனில் இருப்பவர்களுக்கு இப்போது இரவு, டொராண்டோவில் மாலை, எனக்கு இங்கே ஆக்லாந்தில் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. இரவுப் பணி முடித்து நேராக வந்து உட்கார்ந்திருக்கிறேன். குரல் கரகரவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மேடையில் நாவல் பேசியிருக்கிறோம், கவிதை பேசியிருக்கிறோம். இன்று நான் பேசப்போவது ஒரு பரீட்சைத் தாளைப் பற்றி. நம் பிள்ளைகள் எழுதுகிற தாள்கூட இல்லை. சீனாவில் பள்ளியின் கடைசி வருடப் பிள்ளைகள் எழுதுகிற ஆங்கிலத் தாள். அதிலும் ஒரு பகுதி: பத்தியைப் படித்துவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்வது. நாம் பள்ளியில் 'காம்ப்ரிஹென்ஷன்' என்று சொல்வோமே, அதுதான். ஒருங்கிணைப்பாளர் அண்ணனிடம் தலைப்பைச் சொன்னபோது கொஞ்ச நேரம் போனில் பேச்சே இல்லை. பிறகு, "சரி சிஸ்டர், பேசுங்க" என்றார். நர்ஸாக இருப்பதில் இப்படி ஒரு வசதி. சிஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் யாருக்கும் மறுக்க வாய் வருவதில்லை.

எனக்கும் இந்தத் தாளுக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு வார்டில் வேலை செய்கிற தோழி ஒருத்தி, சீனாவின் ஃபுஜியன் மாகாணத்தில் ஃபூச்சோ நகரத்துக்காரி. அவளுடைய அக்கா மகள் அங்கே படிக்கிறாள். "மற்றதெல்லாம் நல்லா வருது, இங்கிலீஷ்ல ரீடிங் மட்டும் இழுக்குது. நீ கதை எழுதுறவதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவகிட்ட பேசிப் பாரேன்" என்றாள் தோழி. நான் எழுதுவது தமிழ்க் கதை, படித்தது நர்சிங் டிப்ளமா, இங்கிலீஷ் டீச்சர் கிடையாது என்று சொன்னேன். "கதை கதைதானே" என்றுவிட்டாள். அந்த ஒரு ஞாயிறு ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் ஃபூச்சோவில் மாலை நான்கு. வாரத்தில் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற நேரமே அதுதான். மற்ற நாள்களில் இரவு பத்து மணி வரை பள்ளியிலேயே உட்கார்ந்து படிக்கிறார்கள்.

அந்தப் பெண் என்னை 'ஆ யீ' என்று கூப்பிடுகிறாள். அம்மாவின் தங்கையையும், அம்மா வயதுப் பெண்களையும் சீனத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் ஊரிலும் 'ஆயி' என்றால் தாய். இதைக் கேட்டதும் யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம், தற்செயல்தான். ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

அந்தத் தேர்வுக்குக் காவ்காவ் என்று பெயர். கலாச்சாரப் புரட்சியில் நின்றுபோய் 1977இல் திரும்பத் தொடங்கியது. இப்போது ஆண்டுதோறும் ஜூன் 7ஆம் தேதி ஆரம்பம். 2024இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவுசெய்தார்கள். மொத்தம் 750 மதிப்பெண், அதில் ஆங்கிலத்துக்கு 150. ஆங்கிலத் தாள் ஜூன் 8ஆம் தேதி பிற்பகல் 3 மணியிலிருந்து 5 மணி வரை. ஃபுஜியனில் எழுதுகிற புதிய தாளில் காதால் கேட்டுப் பதில் சொல்ல 30 மதிப்பெண், வாசிப்புக்கு 50. நான்கு பத்திகள், பதினைந்து கேள்விகள். அப்புறம் ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்களைப் பிடுங்கிவிட்டு, ஏழு வாக்கியங்களைக் கையில் கொடுத்து, எது எங்கே போகும் என்று கேட்பார்கள். கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். கடைசியில் 25 மதிப்பெண்ணுக்கு ஒரு கதைத் தொடர்ச்சி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு இன்று முக்கியம் அதுதான்.

பள்ளி முடிக்கும்போது ஏறத்தாழ மூவாயிரம் ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பாடத்திட்டம். இந்தப் பெண்ணுக்கு அதற்கு மேலேயே தெரியும். நான் டிப்ளமா படிக்கும்போது எனக்குத் தெரிந்ததைவிட நிச்சயமாக அதிகம். ஆகவே சொல் தெரியாததுதான் பிரச்சினை என்று நினைத்து யாராவது இன்னொரு சொற்பட்டியலை அவள் கையில் திணித்தால், அது காய்ச்சல் இல்லாதவளுக்குப் பாராசிட்டமால் கொடுப்பது மாதிரி.

முதல் மாதத்தில் நானே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். தமிழில் சொன்னால் இப்படி: 'ஆற்றங்கரையில் கண்டெடுத்த சைக்கிளை என் தம்பிக்கு விற்ற பையன் ஓடிப்போனான்.' நமக்கு ஒரு சிக்கலும் இல்லை. இதையே ஆங்கிலம் எந்த வரிசையில் சொல்லும்? 'பையன் — யாரென்றால் — விற்றான் — என் தம்பிக்கு — சைக்கிளை — எதுவென்றால் — கண்டெடுத்தான் — ஆற்றங்கரையில் — ஓடிப்போனான்.' ஓடிப்போனது யார் என்று கேட்டேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆறு ஓடியது" என்றாள். சிரிக்காதீர்கள். ஆங்கில வரிசையில் 'ஓடியது' என்ற வினைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது ஆறுதான். ஆங்கிலத்தில் ஆறு ஓடவும் செய்யும். சொல் எல்லாம் தெரியும், இலக்கணமும் தெரியும். வாலைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிட்டாள்.

சீனத்தில் இது எப்படி வரும் என்று கேட்டேன். அவள் சொன்ன சின்ன உதாரணத்தைச் சொல்கிறேன். 'நேற்று வந்த பையன்' என்பதற்கு 'ஸுவோதியேன் லாய் த நான்ஹாய்' என்கிறார்கள். ஸுவோதியேன் — நேற்று. லாய் — வா. நான்ஹாய் — பையன். நடுவில் ஒரு 'த'. நேற்று, வந்த, பையன். அப்படியே நம் வரிசை! நம் பெயரெச்சத்தின் கடைசியில் நிற்கிற 'அ' என்ன வேலை செய்கிறதோ, அதைத்தான் அவர்களுடைய 'த' செய்கிறது. மற்ற விஷயங்களில் சீனம் தமிழைவிட ஆங்கிலத்துக்குத்தான் பக்கம். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பதை அவர்களும் 'நான் சாப்பிடு சோறு' என்றுதான் அடுக்குவார்கள். ஆனால் ஒரு ஆளை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால், அவரைப் பற்றிய சேதியெல்லாம் முன்னால் வரும், ஆள் கடைசியில் வருவார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வருகிற மாதிரி. ஆங்கிலத்தில் மாப்பிள்ளை முதலில் வந்து தனியாக நிற்கிறார், மேளமும் தட்டும் சொந்தக்காரர்களும் பின்னால் வருகிறார்கள். பின்னால் வருகிற கூட்டத்தில் மாப்பிள்ளை யார் என்பதே மறந்துவிடுகிறது.

நமக்கும் இது நடந்திருக்கிறது. ஆனால் நமக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. 'ஹூ', 'விச்', 'தட்' என்று விதி சொன்னார்கள், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் நானும் செய்தது ரொம்பச் சாதாரணம். பென்சிலால் வாலை வளைத்துக் குறிப்பது, பிறகு அந்த வாலைத் தலைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து அவள் சீனத்தில் ஒருமுறை, நான் தமிழில் ஒருமுறை சொல்வது. இரண்டும் ஒரே வரிசையில் வந்தால் சரி. ஆங்கிலம் படிப்பதற்குத் தமிழும் சீனமும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்த காட்சியை என் தோழி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பாள்.

இன்னொன்று. 'நர்ஸ் போகும் வரை அவள் அழவில்லை' என்கிற மாதிரி வாக்கியம் ஆங்கிலப் பத்திகளில் அடிக்கடி வரும். 'நாட்' ஒரு பக்கம், 'அன்டில்' ஒரு பக்கம். இதில் அவள் அழுதாளா, இல்லையா? வேகமாகப் படிக்கிற பிள்ளைக்கு 'அழவில்லை' என்பதுதான் கண்ணில் படும். நம்மிடம் ஒரு 'தான்' இருக்கிறது: 'நர்ஸ் போன பிறகுதான் அழுதாள்.' அவர்களிடமும் ஒரு சொல் இருக்கிறதாம், 'ட்ஸாய்'. அதைப் போட்டதும் அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அதோடு நிற்காமல், "ஆ யீ, அப்படியென்றால் நர்ஸ் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிவைத்திருந்தாளா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் இல்லை. எனக்கு அந்த ஞாயிறு அதுவே போதுமாக இருந்தது.

அவன், அவள் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். சீனத்தில் வாயால் சொல்லும்போது இரண்டும் 'தா'தான். எழுத்தில் மட்டும் வேறு. பெண்ணைக் குறிக்கிற தனி எழுத்தும் 1920 வாக்கில் லியூ பன்நோங் என்ற கவிஞர் முயற்சியில்தான் புழக்கத்துக்கு வந்தது. எங்கள் வார்டில் என் தோழி ஹேண்டோவர் கொடுக்கும்போது ஆறாம் நம்பர் பாட்டியை 'ஹீ' என்பாள். மற்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். 'அவர் வந்தார்' என்று சொல்லி ஆணா பெண்ணா என்று காட்டாமலே முழு நாவல் எழுதக்கூடிய மொழியிலிருந்து வந்த எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு பழைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னால் பொருத்தமாக இருக்கும். 1981இல் ஆல்ஃபிரட் ப்ளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு புத்தகம் எழுதினார். 'நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்' என்று நடக்காத ஒன்றைச் சொல்ல ஆங்கிலத்தில் தனி வினை வடிவம் இருக்கிறது, சீனத்தில் அப்படி இல்லை, ஆகவே சீனம் பேசுபவர்களுக்கு அந்த மாதிரி யோசிப்பது கடினம் என்பது அவர் வாதம். அதற்கு அவர் வைத்த சோதனை என்ன தெரியுமா? ஒரு காம்ப்ரிஹென்ஷன் பத்திதான். பியர் என்று ஒரு ஐரோப்பியத் தத்துவவாதி. அவருக்குச் சீனம் தெரியாது. தெரிந்திருந்தால் சீனத் தத்துவத்திலிருந்து இன்னின்னதைக் கண்டிருப்பார், இன்னின்னதைச் செய்திருப்பார் என்று பத்தி போகிறது. ஆங்கிலத்தில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் 'அவர் இதையெல்லாம் செய்யவில்லை' என்று புரிந்துகொண்டார்கள். சீனத்தில் வாசித்தவர்களில் பலர் செய்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு மொழி பேசுகிறவர்களின் சிந்தனைக்கே குறை சொல்லியாகிவிட்டது.

1983இல் டெரி அவ் என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். அவர் சொன்னது எளிமையானது: அந்தப் பத்தியில் இருக்கிற சீனம் நல்ல சீனமில்லை. சீனர்கள் பேசுகிற மாதிரி இயல்பாக எழுதிக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுக்குத் தாராளமாகப் புரிந்தது. கோளாறு வாசித்தவரிடத்தில் இல்லை, வாசிக்கக் கொடுத்ததில் இருந்தது. இந்தக் கதையை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் ஒரு நிமிடம் யோசித்து, "அப்படியென்றால் போன வாரம் எனக்கு வராத நான்காவது பத்தியும்?" என்றாள். அது வேறு, அதை நீ திரும்பவும் படி என்றேன்.

சரி, வாக்கியத்தைத் தாண்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கேள்விகள். அங்கேயும் இங்கேயும் எல்லா டியூஷனிலும் சொல்லித் தருகிற ஒரே தந்திரம் உண்டு: முதலில் கேள்வியைப் படி, கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடு, அது கிடைக்கிற வரியை மட்டும் படி, பதிலைப் போடு, அடுத்ததற்குப் போ. ஒரு பத்திக்கு ஏழெட்டு நிமிடம் இருந்தால் பெரிய விஷயம். ஆகவே தந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. நானே இந்த நாட்டில் நர்ஸாகப் பதிவுசெய்ய ஓஇடி தேர்வு எழுதியவள். அதில் வாசிப்பின் முதல் பகுதிக்குப் பதினைந்தே நிமிடம், இருபது கேள்விகள். அங்கே உட்கார்ந்து நயம் பாராட்ட முடியாது. ஓடித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இதைப் பத்து வருடம் செய்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெண்ணிடம் பார்த்தேன். ஒரு பத்தி. கிழவர் ஒருவர் நாயைப் பறிகொடுத்த கதை. ஐந்து கேள்விக்கும் சரியான பதில் போட்டுவிட்டாள். "அந்தக் கிழவர் ஏன் பக்கத்து வீட்டுக்காரரிடம் நாய்க்கு உணவு வாங்கிவரச் சொல்கிறார், நாய்தான் செத்துவிட்டதே?" என்று கேட்டேன். நாய் செத்ததே அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பற்றிக் கேள்வி வரவில்லை, அதனால் அந்த வரிக்கு அவள் போகவே இல்லை. முழு மதிப்பெண். ஆனால் கதை நடந்தபோது அவள் அங்கே இல்லை.

அதற்காக இந்தக் கேள்விகளை நான் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். இலக்கியக்காரர்கள் நாம் இதில் கொஞ்சம் அலட்சியமாக இருக்கிறோம். நாலு விடைகளில் மூன்று பொய் விடை இருக்கும், இல்லையா? அந்தப் பொய் விடைகளை எழுதுகிறவர் லேசுப்பட்டவர் இல்லை. ஒன்று, உலகத்தில் உண்மை, பத்தியில் இல்லை. இன்னொன்று, பத்தியில் இருக்கிற அதே சொல், வேறு அர்த்தம். மற்றொன்று, பத்தியில் 'சிலர்' என்றிருக்கும், விடையில் 'எல்லோரும்' என்றிருக்கும். இந்த மூன்றையும் கண்டுபிடித்துத் தள்ளுகிற பழக்கம் எனக்குத் தெரிந்து மருந்துச் சீட்டு வாசிப்பதற்கு ரொம்பத் தேவை. 'வலி இருந்தால் மட்டும்' என்று எழுதியிருப்பதை 'ஆறு மணிக்கொருதரம்' என்று படித்தால் என்ன ஆகும்? நமக்கு நோயாளியைப் பற்றித் தெரிந்தது, நாம் ஊகிப்பது, சார்ட்டில் எழுதியிருப்பது, இந்த மூன்றையும் தனித்தனியாக வைக்க நர்சிங் பள்ளியில் முதல் வருடமே பழக்குவார்கள். புத்தக விமர்சனம் எழுதுகிற நம் நண்பர்கள் சிலருக்கும் இதில் ஒரு வாரப் பயிற்சி வைக்கலாம் என்று அடிக்கடி தோன்றும். பெயர் சொல்ல மாட்டேன்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு காட்சி உண்டு. எத்தியோப்பிய அதிகாரி ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் சுருளை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிவந்து, வாசிக்கிறது புரிகிறதா என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த மிகப் பழைய காம்ப்ரிஹென்ஷன் கேள்வி அதுதான். யாராவது சொல்லித்தராமல் எப்படிப் புரியும் என்கிறார் அதிகாரி. பிலிப்பு நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ரதத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.

ஃபூச்சோ என்ற ஊர் இந்த விஷயத்தில் சாதாரண ஊர் கிடையாது. அதைச் சொல்லாமல் போனால் நான் இலக்கியக் கூட்டத்தில் பேசினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. லின் ஷு அந்த ஊர்க்காரர், 1852இல் பிறந்து 1924இல் இறந்தவர். அந்நிய மொழி ஒன்றுகூடத் தெரியாது. நண்பர்கள் மூலத்தைப் பார்த்து வாயால் சீனத்தில் சொல்லச் சொல்ல, இவர் பழைய செவ்வியல் நடையில் எழுதிக்கொண்டே போவார். 1899இல் வந்த முதல் மொழிபெயர்ப்பு, இளைய துமாவின் காமெலியாப் பெண்ணின் கதை. 1901இல் 'அங்கிள் டாம்ஸ் கேபின்'. அப்புறம் டிக்கன்ஸ், இன்னும் எவ்வளவோ, நூற்றைம்பதுக்கும் மேல். மேல்நாட்டு நாவல் என்றால் என்ன என்று ஒரு தலைமுறைச் சீன வாசகர்களுக்குக் காட்டியவர், ஆங்கிலத் தேர்வு வைத்திருந்தால் பூஜ்யம் வாங்கியிருப்பார்.

அதே ஊரில் யென் ஃபூ. இவர் நேர் எதிர். இங்கிலாந்தில் கிரீனிச் கடற்படைக் கல்லூரியில் படித்தவர். ஹக்ஸ்லியின் பரிணாமமும் அறமும் பற்றிய நூலை 1898இல் சீனத்தில் கொண்டுவந்தார். அதன் முன்னுரையில் மொழிபெயர்ப்பில் மூன்று கஷ்டங்கள் உண்டு என்றார்: ஷின், தா, யா. மூலத்துக்கு உண்மையாக இருப்பது, வாசகரிடம் போய்ச் சேருவது, நயமாக இருப்பது. சீனாவில் மொழிபெயர்ப்பைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இன்றும் இந்த மூன்று சொற்களில்தான் வந்து நிற்கிறார்கள். 'மூன்று வீதி ஏழு சந்து' என்கிற பழைய குடியிருப்பில் அவர் வாழ்ந்த வீடு இப்போதும் இருக்கிறது. அந்தப் பெண் அந்த வழியாகப் பலமுறை போயிருக்கிறாள், மீன் உருண்டை சாப்பிட. ஃபூச்சோ மீன் உருண்டைக்குள் பன்றி இறைச்சி வைத்திருப்பார்கள், அதைப் பற்றி என் தோழி தனியாக ஒரு உரையே ஆற்றுவாள்.

இப்போது அந்த 25 மதிப்பெண். 'து ஹோவ் ஷு ஷியே' என்று பெயர். வாசித்தபின் தொடர்ந்து எழுதுதல். 2016இல் ஜஜியாங் மாகாணத்தில் ஆரம்பித்து மற்ற இடங்களுக்கும் பரவியது. முந்நூற்றைம்பது சொல் அளவில் ஒரு கதையைக் கொடுத்து, பாதியில் நிறுத்திவிடுவார்கள். அடுத்த இரண்டு பத்திகளுக்கு முதல் வாக்கியம் மட்டும் இருக்கும். மீதியை நூற்றைம்பது சொல்லில் மாணவர் எழுத வேண்டும். இதை யோசித்தவர் வாசிப்பைப் பற்றி நன்றாக அறிந்தவர் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏனென்றால் இங்கே கேள்வியைப் பார்த்துவிட்டு வரியைத் தேடுகிற தந்திரம் செல்லாது. இந்த ஆள் அடுத்து என்ன செய்வான் என்று தெரிய வேண்டுமென்றால் இதுவரை அவன் என்ன செய்தான் என்று முழுக்கப் படித்திருக்க வேண்டும்.

2022இல் புதிய முதல் தாளில் வந்த கதையை ஒரு ஞாயிறு எடுத்துக்கொண்டோம். பள்ளிகளுக்கிடையே நெடுந்தூர ஓட்டப் போட்டி. டேவிட் என்று பத்து வயதுப் பையன். மூளையில் ஒரு நோய், மற்றப் பிள்ளைகளைப் போல அவனால் நடக்கவோ ஓடவோ முடியாது. போட்டி நாளில் வேலி ஓரமாகத் தனியே நிற்கிறான். மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று பயிற்சியாளருக்குப் பயம், ஓடவில்லை என்று அவன் சொல்லிவிட்டான். கதையைச் சொல்கிறவர் அந்தப் பள்ளியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஆசிரியர். அவர் பக்கத்தில் போய் உட்காருகிறார். தொடர்ச்சியின் இரண்டாவது பத்தி, டேவிட் மற்றவர்களோடு ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குப் போவதில் ஆரம்பிக்க வேண்டும்.

அந்தப் பெண் எழுதியதைப் படித்துக் காட்டினாள். டேவிட் மின்னலைப் போல ஓடுகிறான். ஒவ்வொருவராக முந்துகிறான். முதலாவதாக வருகிறான். கண்ணீர் கன்னங்களில் முத்து முத்தாக உருள்கிறது. சூரிய ஒளி அவன் முகத்தில் பொன்னாய்ப் பொழிகிறது. கைத்தட்டல் இடியைப் போல முழங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரு பிழை இல்லை. இருக்காது, ஏனென்றால் அந்த வாக்கியங்கள் எல்லாம் அவளிடம் ஒரு நோட்டில் தயாராக இருக்கின்றன. சந்தோஷத்துக்கு இத்தனை, துக்கத்துக்கு இத்தனை, பயத்துக்கு இத்தனை என்று பிரித்து எழுதி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அவள் வகுப்பில் எல்லோரிடமும் அப்படி ஒரு நோட்டு உண்டு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் இருக்கிற ஒரு வரியை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். டேவிட் ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை, எப்போதும் மற்றவர்கள் முடித்து நெடுநேரம் கழித்துத்தான் வருவான், ஆனால் எப்போதும் முடித்துவிடுவான் என்கிற பொருளில் ஒரு வரி அங்கே இருக்கிறது. வாசித்தாள். வாலை வளைத்துக் குறித்தாள், பழக்கம். பிறகு பேசாமல் இருந்தாள்.

நான் என் வார்டைப் பற்றிச் சொன்னேன். பக்கவாதம் வந்து மீண்டுகொண்டிருக்கிற ஒருவர் நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்து மீட்டர் நடந்தார், இருமுறை நின்று இளைப்பாறினார் என்று வைத்துக்கொள். ஹேண்டோவரில் அதை அப்படியே சொல்ல வேண்டும். 'நன்றாக நடக்கிறார்' என்று நான் சந்தோஷத்தில் எழுதிவிட்டால், அடுத்து வருகிற நர்ஸ் அவரைத் தனியாகக் குளியலறைக்கு விட்டுவிடுவாள். அவர் விழுவார். பத்து மீட்டர் அவருக்கு எவ்வளவு பெரிய தூரம் என்று தெரிந்தவர்களுக்கு 'பத்து மீட்டர், இருமுறை நின்றார்' என்பதே போதும், அதற்கு மேல் பொன்னும் இடியும் வேண்டாம்.

"டேவிட் முதல் பரிசு வாங்கினால் அவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "அவன் டேவிடாக இருக்க மாட்டான்." பிறகு அவளே சொன்னாள், "ஆசிரியருக்கும் அவன் முதலில் வர வேண்டும் என்று ஆசை இல்லை. அவன் ஓட வேண்டும் என்றுதான்." இது விடைத்தாளில் குறிக்கிற வகைக் கேள்வியாக இருந்தால் 'கதைசொல்லியின் மனப்பான்மை' என்று பெயர். ஏழெட்டு வருடமாக அந்த வகைக் கேள்விக்கு அவள் விடை போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அடுத்த வாரம் புதிதாக எழுதிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை மைதானம் கிட்டத்தட்டக் காலி. மற்றப் பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டு, ஷூவைக் கழற்றிக்கொண்டு இருக்கிறார்கள். வேலி ஓரமாக ஒரு சின்ன உருவம் வருகிறது. யாரோ ஒருவன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறான். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். கைத்தட்டல்கூட இல்லை. வேலியைத் திரும்பக் கொண்டுவந்ததை நான் சொல்லித் தரவில்லை. கதை ஆரம்பத்தில் அவன் தனியாக நின்றது அந்த வேலி ஓரம்தான், அதை அவளாகவே வாசித்திருக்கிறாள். "கதையின் மீதி எங்கே கிடைக்கும், உண்மையில் அவன் ஓடினானா?" என்றும் கேட்டாள். ஒரு பரீட்சைப் பத்தியைப் பற்றி அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு இலக்கிய நண்பர்கள் வருத்தப்படக்கூடாது. இரண்டையும் அவளுடைய வகுப்பு ஆசிரியை திருத்திக் கொடுத்திருக்கிறார். முதல் பரிசு வாங்கிய டேவிடுக்கு 25க்கு 21. கடைசியாக வந்த டேவிடுக்கு 19. 'உணர்ச்சிச் சொற்கள் போதாது' என்று குறிப்பு. அந்த ஆசிரியையை நான் திட்ட மாட்டேன். ஒரு கட்டு விடைத்தாளை எவ்வளவு வேகத்தில் திருத்த வேண்டும் என்று நமக்குத் தெரியாததா? காவ்காவ் தாளைத் திருத்துகிறவருக்கு இன்னும் குறைந்த நேரம்தான் இருக்கும். ஆனால் இரண்டு மதிப்பெண் என்பது ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நிற்கிற இடத்தில் எத்தனை ஆயிரம் பேர் பின்னால் தள்ளும் என்று அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்ன என் தோழி என் முகத்தைப் பார்க்கவில்லை. நியாயமான கேள்வி. அவர்கள் வீட்டில் அந்தப் பிள்ளை ஒருத்திதான். இலக்கியத்துக்காக இரண்டு மதிப்பெண்ணைத் தியாகம் செய் என்று ஆக்லாந்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. என் பிள்ளையாக இருந்தால் சொல்வேனா?

ஆகவே நாங்கள் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அந்த நோட்டில் இருந்து இரண்டே இரண்டு வாக்கியம் எடுத்துக்கொள்ளலாம், திருத்துகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கலாம். கண்ணீர் வேண்டுமென்றால் ஆசிரியர் அழட்டும், டேவிட் அழ வேண்டாம், அவனுக்கு மூச்சு வாங்கவே நேரம் போதாது. சூரியனும் வரட்டும், மாலைச் சூரியனாக, ஏனென்றால் அவன் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகியிருக்கும். இது அவளே கண்டுபிடித்தது. ஆனால் அவன் கடைசியாகத்தான் வர வேண்டும். அதில் மட்டும் அவள் அம்மாவிடமும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தத் திருத்திய வடிவத்தை ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறாள், இன்னும் திரும்பி வரவில்லை. வருகிற ஞாயிறு எங்களுக்கு அறிவியல் பத்தி, தேனீக்களைப் பற்றி. எனக்கும் அதில் பாதிச் சொல் தெரியாது, இனிமேல்தான் படிக்க வேண்டும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் கண் விழித்திருப்பேன்.